கிலோ கிலோவாகக் கழித்தல்: பழைய ஸ்போர்ட்ஸ் காரை அமெச்சூர் பந்தயத்துக்கு இலகுவாக்கும் முழு வழிகாட்டி

1973 மாடலாக வந்த போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 இரண்டு வடிவங்களில் கிடைத்தது. டூரிங் வடிவத்தின் எடை ஏறத்தாழ 1,075 கிலோ. லைட்வெயிட் வடிவத்தின் எடை 975 கிலோ. என்ஜின் இரண்டுக்கும் ஒன்றே. இடையிலுள்ள நூறு கிலோவைத் தேடிப் போனால் பெரிய ரகசியம் எதுவும் அகப்படாது. பின் இருக்கை இல்லை. கடிகாரம் இல்லை. பயணியின் பக்கத்து வெயில் மறைப்பு இல்லை. கதவில் கைதாங்கிக்குப் பதிலாக இழுத்துச் சாத்த ஒரு வார். ஒலித்தடுப்புப் பூச்சு பெரும்பாலும் இல்லை. தனித்தனியே கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் அற்பமான பொருள்கள். எடை குறைப்பு வேலையின் இயல்பே இதுதான்: ஒரே வெட்டில் நூறு கிலோ போகாது, நூறு இடங்களில் ஒவ்வொரு கிலோவாகத்தான் போகும். ரம்பத்தைத் தொடுவதற்கு முன் தராசும் நோட்டுப் புத்தகமும் வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

பலன் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்வோம். 1,000 கிலோ எடையும் 100 குதிரைத்திறனும் உள்ள காரில் ஒவ்வொரு குதிரையும் 10 கிலோவைச் சுமக்கிறது. நூறு கிலோவைக் கழித்தால் அது 9 கிலோவாகிறது. எடையைத் தொடாமல் அதே நிலையை அடைய 111 குதிரைத்திறன் வேண்டும். பழைய நான்கு சிலிண்டர் என்ஜினில் கூடுதலாகப் பதினோரு குதிரையைத் தேடுவதென்றால் கேம், கார்புரேட்டர், ஹெட் வேலை என்று இழுத்துக்கொண்டே போகும். என்ஜினின் ஆயுளும் குறையும். அதோடு, கூடுதல் திறன் நேர்பாதையில்தான் உதவும். குறைந்த எடை பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் உதவும். மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு வேகத்தைக் குறைக்க, 1,000 கிலோ காரின் பிரேக்குகள் ஏறத்தாழ 740 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டும். 900 கிலோ காருக்கு அது சுமார் 667. ஒவ்வொரு வளைவிலும் இந்த வித்தியாசம் சேர்ந்துகொண்டே போவதால், பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளில் பிரேக் மிதி உறுதியாக இருக்கும், டயரும் தாங்கும்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். உள் அலங்காரம் முதல் கருவிப்பை வரை எல்லாம் அசலாக இருக்கும் ஒரு காரைப் பந்தயத்துக்காக உரிக்காதீர்கள். இருக்கை கிழிந்து, கம்பளம் மட்கி, பாதி உதிரிகள் காணாமல் போன அதே மாடல் கார் எங்காவது நின்றுகொண்டிருக்கும். பந்தயத்துக்கு அதுவே போதும். எப்படியும் அதையெல்லாம் கழற்றத்தானே போகிறீர்கள்?

முதலில் விதிப்புத்தகம்

பலர் இதைக் கடைசியாகத்தான் படிக்கிறார்கள். நேரத்துக்கு எதிரான ஓட்டம், மலையேற்றப் பந்தயம், சுற்றுப்பாதைப் பந்தயம் என்று எதில் கலந்துகொள்ளப் போகிறீர்கள், எந்தப் பிரிவில் என்பதை முடிவு செய்துவிட்டு அந்தப் பிரிவின் தொழில்நுட்ப விதிகளை வரிவரியாகப் படியுங்கள். நான்கு விஷயங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: குறைந்தபட்ச எடை எவ்வளவு, அது ஓட்டுநரோடு சேர்த்தா, இல்லாமலா, எந்தப் பாகங்களின் உலோகத்தை மாற்றலாம், எவற்றைக் கழற்றவே கூடாது.

வரலாற்றுக் கார்களுக்கான சர்வதேசப் பந்தயங்கள், உலக மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்ஐஏ அமைப்பின் பின்னிணைப்பு கே விதிகளின்படி நடக்கின்றன. அங்கே ஒரு கார் தன் காலத்தில் எப்படிப் பந்தயம் ஓடியதோ அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. அந்தக் காலத்தில் எஃகு போனட்டோடு ஓடிய காருக்கு இன்று கார்பன் போனட் பொருத்தினால் அனுமதி கிடைக்காது. உள்ளூர்க் கிளப் பந்தயங்கள் பொதுவாக இதைவிடத் தாராளமானவை. ஆனால் ஒவ்வொரு கிளப்பின் தாராளமும் ஒவ்வொரு மாதிரி.

குறைந்தபட்ச எடை 900 கிலோ என்று இருந்தால் உங்கள் இலக்கு 900 அல்ல, 880. மீதி 20 கிலோவை நீங்கள் விரும்பும் இடத்தில், தரையோடு தரையாக, ஈயமாகவோ எஃகுத் தகடாகவோ திரும்ப வைக்கலாம். உயரத்தில் இருந்த எடையைத் தரைக்குக் கொண்டுவருவதும் ஒரு வகை எடை குறைப்புதான்.

காரை எடை போடுதல்

சமதளமான தரையில் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி மேடைத் தராசு வைத்து எடை போடுங்கள். எரிபொருள் அளவை எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் அமர்ந்தும் அமராமலும் இரண்டு முறை எடுங்கள். மொத்த எடை, முன் அச்சில் எவ்வளவு, பின் அச்சில் எவ்வளவு, இடம் வலம் எவ்வளவு என்பதெல்லாம் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அதன் பிறகு காரிலிருந்து எது கழன்றாலும் அதைத் தொங்கு தராசில் மாட்டி, எடையோடு அது காரில் எங்கே இருந்தது என்பதையும் எழுதுங்கள். எடை மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. கார் வளைவில் திரும்பும்போது அதன் உடல் ஒரு செங்குத்து அச்சைச் சுற்றிச் சுழல வேண்டியிருக்கிறது. அந்தச் சுழற்சியை ஒரு பொருள் எவ்வளவு எதிர்க்கும் என்பது அதன் எடையையும், மையத்திலிருந்து அதன் தூரத்தின் இருமடியையும் பொறுத்தது. மையத்திலிருந்து 1.8 மீட்டர் தள்ளி இருக்கும் 10 கிலோ பம்பர், 0.6 மீட்டர் தள்ளி இருக்கும் 10 கிலோ இருக்கையைப்போல ஒன்பது மடங்கு எதிர்ப்பைத் தரும். கழற்றுவதில் போட்டி வந்தால் முனைகளில் இருப்பதை முதலில் கழற்றுங்கள்.

உயரமும் இப்படித்தான். 900 கிலோ காரில், ஈர்ப்பு மையத்துக்கு முக்கால் மீட்டர் மேலே கூரையிலிருந்து 10 கிலோவை எடுத்தால் காரின் ஈர்ப்பு மையம் 8 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும். ஸ்பிரிங்கைத் தொடாமல் கிடைக்கும் லாபம் இது. கூரை உள்ளுறை, திறக்கும் கூரையின் எந்திரம், கண்ணாடிகள் ஆகியவை எடையில் சிறியவையாக இருந்தாலும் பட்டியலில் மேலே வருவதற்கு இதுதான் காரணம்.

ஸ்பேனரால் கழலும் எல்லாம்

வெட்டாமல், உடைக்காமல், போல்ட்டை அவிழ்த்தாலே வருபவற்றிலிருந்து தொடங்குங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, கருவிப்பை மூன்றும் சேர்ந்தே 20 கிலோவை நெருங்கும். பின் இருக்கை, பயணி இருக்கை, கம்பளம், அதன் அடியிலுள்ள தடித்த பஞ்சுப் படுகை, கதவு உள்ளுறைகள், ஒலிபெருக்கிகள், ரேடியோ, கையுறைப் பெட்டி, சாம்பல் கிண்ணம், ஹார்ன் ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் ஒன்று. கம்பளத்தை எடை போடாமல் தூக்கி எறியாதீர்கள். ஈரம் ஊறிய பழைய கம்பளத்தின் எடை உங்களுக்கு வியப்பளிக்கும்.

பம்பர்கள் தனிக் கவனத்துக்கு உரியவை. 1970-களின் நடுவில் அமெரிக்கச் சந்தைக்குச் சென்ற ஸ்போர்ட்ஸ் கார்களில், மெதுவான மோதலைத் தாங்கும் விதிக்காகக் கனத்த பம்பர்களும் அவற்றுக்குப் பின்னால் அதிர்வுதாங்கிகளும் பொருத்தப்பட்டன. எடையைப் பொறுத்தவரை இதைவிட மோசமான இடம் காரில் இல்லை. அதே மாடலின் முந்தைய ஆண்டுகளில் வந்த மெல்லிய பம்பர் கிடைத்தால் அதை மாட்டலாம். விதி அனுமதித்தால் பம்பரே வேண்டாம். கழற்றிய பிறகு கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கிகளை அப்படியே விடாதீர்கள்.

ஏர் கண்டிஷனர் இருந்தால் கம்ப்ரஸர், கண்டென்ஸர், குழாய்கள் எல்லாம் போகலாம். வாயுவை மட்டும் நீங்களே திறந்து விடாமல், அதை மீட்டெடுக்கும் கருவி உள்ளவரிடம் கொடுத்து வெளியேற்றுங்கள்.

ஹீட்டர் விஷயத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். மழையில் ஓடும் பந்தயத்தில் முன்கண்ணாடி உள்பக்கம் பனி படர்ந்து மறைந்தால், அந்தச் சில கிலோக்களைக் கழற்றியதற்காக நீங்களே உங்களைத் திட்டிக்கொள்வீர்கள். ஹீட்டரின் பெரிய பெட்டியை எடுத்தாலும் கண்ணாடிக்குக் காற்று ஊதும் சிறு விசிறி ஒன்றை விட்டுவையுங்கள். ஹீட்டருக்குப் போகும், என்ஜினைக் குளிர்விக்கும் நீர்க் குழாயை அடைக்கும் முன், உங்கள் என்ஜினில் அந்தப் பாதையில் நீர் ஓடுவது அவசியமா என்று பட்டறைக் கையேட்டில் பாருங்கள். சிலவற்றில் குழாயை அடைக்காமல் சுற்றி இணைக்க வேண்டும்.

கழற்றியதெல்லாம் பெயர்ச் சீட்டோடு பெட்டிக்குள் போகட்டும். பழைய காரின் அசல் பாகங்களுக்கு ஆண்டுதோறும் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. என்றைக்காவது காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நினைக்கும்போது அந்தப் பெட்டிகள்தான் காப்பாற்றும்.

தார்ப் பூச்சு

தரைத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் தார்ப் பலகைகள் ஒலியைக் குறைப்பதற்காகப் போடப்பட்டவை. பந்தயக் காரில் அவற்றுக்கு வேலையில்லை. எடுக்கச் சிறந்த வழி உலர்பனி. மைனஸ் 78 டிகிரி செல்சியஸ் குளிரில் தார் கண்ணாடிபோல் நொறுங்கும். தகடு சுருங்குவதால் ஒட்டும் விடும். துண்டுகளைப் பரப்பிச் சிறிது நேரம் காத்திருந்து சுத்தியலால் மெல்லத் தட்டினால் பாளம் பாளமாக வரும். தடித்த கையுறை கட்டாயம். உலர்பனி கரியமில வாயுவாக மாறித் தாழ்வான இடத்தில் தேங்கும் என்பதால், எல்லாக் கதவுகளும் திறந்த காரில், திறந்தவெளியில் செய்யுங்கள். தலையைத் தரைப் பள்ளத்துக்குள் நுழைத்தபடி நெடுநேரம் இருக்காதீர்கள். செங்குத்தான பரப்புகளில் உலர்பனி நிற்காது. அங்கே வெப்பக்காற்றுத் துப்பாக்கியும் சுரண்டியும்தான். பொறுமை சோதிக்கும் வேலை.

தார் போன பிறகு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவரும். துரு இருந்தால் எடை குறைப்பை அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் தகடு வேலையை முடியுங்கள். துருப்பிடித்த தரையில் பந்தய இருக்கையையும் பெல்ட்டையும் பொருத்துவது தற்கொலைக்குச் சமம். பழைய கார்களின் பிரேக் லைனிங், கிளட்ச் தகடு, கேஸ்கெட் போன்றவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசியைக் காற்றடித்தோ உலர்ந்த தூரிகையாலோ கிளப்ப வேண்டாம்.

கண்ணாடியும் தகடுகளும்

5 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. 4 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் 4.8 கிலோ. அரைச் சதுர மீட்டர் பின்கண்ணாடியை மாற்றினாலே 6 கிலோவுக்கு மேல் இருந்தது இரண்டரைக்குக் கீழே வரும், அதுவும் உயரத்தில். பக்கக் கண்ணாடியை நிலையான தகடாக மாற்றினால் ஏற்றி இறக்கும் எந்திரமும் போய்விடும். முன்கண்ணாடியை மட்டும் அடுக்குக் கண்ணாடியாகவே விட்டுவையுங்கள். பாலிகார்பனேட் எளிதில் கீறல் விழும். துடைப்பான் ஓடினால் சில பந்தயங்களில் பார்வை மங்கும்.

அக்ரிலிக் மலிவு, தெளிவு, ஆனால் மோதலில் கூர்மையான சில்லுகளாக உடையும். அதனால் பாலிகார்பனேட்டையே தேர்ந்தெடுங்கள். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: பெட்ரோல், தின்னர், பிரேக் துப்புரவுத் திரவம் ஆகியவை பட்டால் நுண்வெடிப்புகள் ஓடும். சோப்புத் தண்ணீர் மட்டும்தான். திருகுத் துளைகளைத் திருகைவிடப் பெரிதாகப் போடுங்கள். வெயிலில் அது கண்ணாடியைவிட மிகுதியாக விரியும்.

தகடுகளுக்கு வருவோம். 1965-ல் ஆல்ஃபா ரோமியோ தன் ஜிடிஏ காரின் வெளித்தகடுகளை அலுமினியத்தில் செய்து எடையை 745 கிலோவுக்குக் கொண்டுவந்தது. பிஎம்டபிள்யூ 3.0 சிஎஸ்எல் காரில் கதவு, போனட், டிக்கி மூடி ஆகியவை அலுமினியம். போர்ஷே 911 ஆர் கண்ணாடியிழையைக் கையாண்டது. மூன்றும் மாற்றியது திறந்து மூடும் பாகங்களையும் வெளித்தோலையும்தான். வண்டியைத் தாங்கும் எலும்பைக் கரைக்கவில்லை. நீங்களும் அந்த வரிசையிலேயே போகலாம்: போனட், டிக்கி மூடி, பிறகு முன் மட்கார்டு, கடைசியில் கதவு.

அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒன்றுதான் என்றாலும் விறைப்பும் மூன்றில் ஒன்றே. அதே விறைப்புக்குத் தகடு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு தடிப்பாக இருக்க வேண்டும். ஆகவே உண்மையில் பாதி எடை மிச்சமாகும், மூன்றில் இரண்டு அல்ல. எஃகும் அலுமினியமும் நேரடியாகத் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு வரும். இடையில் பூச்சோ பிரிப்புத் தாளோ வேண்டும். உங்கள் மாடலின் வரலாற்றையும் கொஞ்சம் புரட்டுங்கள். எம்ஜிபி காரின் தொடக்க ஆண்டுகளில் போனட் அலுமினியமாகவே வந்தது, பிறகுதான் எஃகுக்கு மாறியது. காலத்துக்கு உரிய பாகம் என்பதால் விதிச் சிக்கலும் குறைவு.

கண்ணாடியிழை போனட் வாங்கினால் அசல் கொக்கியை நம்பாதீர்கள். நான்கு மூலையிலும் பந்தய ஊசிப் பூட்டுகள் போடுங்கள். வேகத்தில் திறந்துகொண்ட போனட் முன்கண்ணாடியில்தான் வந்து விழும்.

கதவின் உட்புறத்தைக் குடைவதற்கு ஒரு நிபந்தனை: ரோல் கேஜில், அதாவது கார் கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் எஃகுக் குழாய்க் கூண்டில், கதவுக் குறுக்குக் குழாய்கள் இருக்க வேண்டும். அவை இல்லாத காரில் கதவுக்குள் பக்க மோதல் தண்டு இருந்தால் அதைத் தொடவே கூடாது.

ஓட்டைகள் பற்றி

பழைய பந்தயக் கார்களின் படங்களில் தகடெங்கும் வட்ட ஓட்டைகளைப் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. கணக்கைப் பாருங்கள். 1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் ஓட்டை போட்டால் போகும் எடை 15 கிராம். ஒரு கிலோவுக்கு 65 ஓட்டைகள் வேண்டும். ஒவ்வொன்றின் விளிம்பையும் அரத்தால் தேய்த்து வண்ணம் அடிக்க வேண்டும். இல்லையென்றால் அங்கிருந்து வெடிப்போ துருவோ தொடங்கும். அதே மாலையில் ஸ்டெப்னித் தாங்கியைக் கழற்றினால் அதைவிட மிகுதியாகக் கிடைக்கும். கனமான தகட்டுத் தாங்கிகளில், விளிம்பை உள்மடித்த ஓட்டைகளாகப் போட்டால் பொருள் உண்டு. அந்த மடிப்பு விறைப்பைத் திருப்பித் தரும்.

ஓட்டை போடவே கூடாத இடங்களும் இருக்கின்றன. கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டிச் சட்டம், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள், என்ஜினைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ஸ்டியரிங் தாங்கி, பெல்ட் நங்கூரங்கள், பிரேக் மிதிப் பெட்டி. கூரையில்லாத கார்களில் பக்கச் சட்டமும் நடுச் சுரங்கமும்தான் முழு விறைப்பையும் சுமக்கின்றன. அங்கே எடுக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் உடல் முறுகும். உடல் முறுகினால் நீங்கள் எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் கார் சொன்னபடி கேட்காது.

எடையைக் கூட்ட வேண்டிய இடம்

ரோல் கேஜ், இருக்கை, பெல்ட், தீயணைப்பான். இவற்றில் கஞ்சத்தனம் கூடாது. ஆனாலும் கேஜிலும் அறிவோடு தேர்ந்தெடுத்தால் சில கிலோ மிச்சமாகும். எஃப்ஐஏ பின்னிணைப்பு ஜே விதிகளின்படி ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளையத்துக்கு 45 × 2.5 அல்லது 50 × 2.0 மில்லிமீட்டர் (விட்டம் × சுவர்த் தடிப்பு) குழாயும், மற்ற உறுப்புகளுக்கு 38 × 2.5 அல்லது 40 × 2.0 குழாயும் குறைந்தபட்ச அளவுகள். இணைப்பில்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் எஃகு. மீட்டருக்கு 45 × 2.5 குழாய் 2.6 கிலோ, 50 × 2.0 குழாய் 2.4 கிலோ. 38 × 2.5 குழாய் 2.2 கிலோ, 40 × 2.0 குழாய் 1.9 கிலோ. முதன்மை வகையில் 8 மீட்டரும் மற்ற வகையில் 17 மீட்டரும் தேவைப்படும் கேஜில், விட்டம் பெரிதாகவும் சுவர் மெல்லியதாகவும் உள்ள குழாயைத் தேர்ந்தெடுத்தால் சுமார் 7 கிலோ குறையும். பாதுகாப்பில் எந்த இழப்பும் இல்லை. விதி இரண்டையும் ஏற்கிறது. ஒன்றே ஒன்று, பெரிய விட்டம் தலைக்கு அருகே இடத்தை அடைக்கும். வெட்டுவதற்கு முன் தலைக்கவசம் அணிந்து அமர்ந்து பாருங்கள்.

50 கிலோவை நெருங்கும் கேஜைப் பார்த்து மனம் தளர வேண்டாம். கூரை வளையத்தைத் தவிர மற்றவற்றின் பெரும்பகுதி தாழ்வாக, காரின் நடுவில் இருக்கிறது. உடலின் விறைப்பையும் அது கூட்டுகிறது. கழித்த எடைக்குச் செய்த நல்ல முதலீடு இது.

இருக்கை எஃப்ஐஏ 8855-1999 அல்லது அதற்குப் பின் வந்த தரத்தில் இருக்கட்டும், காலாவதித் தேதியைப் பாருங்கள். ஓட்டுநர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் அமரும் உயரத்தை 30 மில்லிமீட்டர் குறைத்தால், காரின் மிகக் கனமான ஒற்றைப் பொருள்களில் ஒன்றை, அதாவது உங்களை, கீழே இறக்கியிருக்கிறீர்கள். அந்தப் பொருளின் எடையைக் குறைப்பதற்கும் வழி உண்டு, செலவும் கிடையாது. ஆனாலும் டைட்டானியம் போல்ட் வாங்குவதையே பலரும் விரும்புகிறார்கள்.

மின்சாரம்

ஈய அமிலப் பேட்டரி ஒன்று 15 கிலோவைத் தாண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 3 கிலோவுக்குள் அடங்கும். ஒற்றைப் பொருளில் இவ்வளவு பெரிய லாபம் வேறெங்கும் கிடைப்பது அரிது. ஆனால் பழைய காரின் மின்னேற்றி மின்னழுத்தத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தாவிட்டால் அது லித்தியத்துக்கு ஆபத்து. முதலில் மல்டிமீட்டரை வைத்து, என்ஜின் வேகத்தில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். 14.6 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டரை மாற்றுங்கள். டைனமோ உள்ள கார்களில் சிறிய ஜெல் வகை பேட்டரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பேட்டரியை எங்கே வைத்தாலும் உலோகச் சட்டத்தால் இறுக்கிக் கட்டுங்கள்.

வயரிங்கை வரைபடம் இல்லாமல் வெட்டாதீர்கள். வேண்டாத சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் காரை ஸ்டார்ட் செய்து சோதியுங்கள். பொறுமை இருந்தால் பழைய கட்டை முழுதாக எடுத்துவிட்டு எரியூட்டல், எரிபொருள் பம்பு, பிரேக் விளக்கு, மழை விளக்கு, துடைப்பான், அவசரத் துண்டிப்பான் ஆகியவற்றுக்கு மட்டும் புதிதாகக் கட்டுவது சிறந்தது. இதில் எடையைவிடப் பெரிய லாபம் நம்பகத்தன்மை. ஐம்பது வயதான வயரிங்தான் பாதிப் பந்தயங்களை முடித்துவைக்கிறது.

சுழல்பவை

சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் உடலில் பத்து கிலோ குறைத்ததற்குச் சமம் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். வேகம் எடுக்கும்போது, டயரின் வெளிவட்டத்தில் உள்ள ஒரு கிலோ அதிகபட்சம் இரண்டு கிலோவாக நடந்துகொள்ளும், அவ்வளவுதான். சக்கர எடையின் உண்மையான பலன் வேறு: மேடு பள்ளத்தில் டயர் தரையை விட்டு அகலாமல் தொடர்வது. அதற்காக இலகுவான சக்கரம் வாங்குவது நியாயமே. பழைய மெக்னீசியம் சக்கரங்களிடம் எச்சரிக்கை தேவை. காலத்தால் அரித்து உள்ளுக்குள் வெடித்திருக்கலாம். சாய ஊடுருவல் சோதனை செய்யாமல் மாட்டாதீர்கள்.

ஃப்ளைவீல், அதாவது என்ஜின் தண்டின் முனையில் சுழலும் கனத்த வட்டு, சுவாரசியமானது. அதன் வெளிவட்டத்தில், மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தூரத்தில் 3 கிலோவைக் கடைந்தெடுத்தால், மொத்தப் பல்விகிதம் 13.6 ஆக இருக்கும் முதல் கியரில், 29 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தோடு, அது காரிலிருந்து 95 கிலோவைக் கழித்ததற்குச் சமம். விகிதம் 4 ஆக இருக்கும் நான்காவது கியரில் அதே வேலை 8 கிலோவுக்குத்தான் சமம். குறுகிய வளைவுகள் நிறைந்த மலைப்பாதைப் பந்தயத்தில் இதை உடனே உணர்வீர்கள். நீண்ட நேர்பாதைகள் உள்ள களத்தில் தேடினாலும் தெரியாது. வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை வீட்டில் கடைய வேண்டாம். அது வெடித்தால் கால்களைத் தாண்டித்தான் வெளியே வரும். எஃகில் செய்த பந்தய ஃப்ளைவீலை வாங்கி, கிளட்ச்சோடு சேர்த்துச் சமன் செய்துகொள்ளுங்கள்.

பிரேக் டிஸ்க்கை மெலிதாக்குவதும் அதில் துளையிடுவதும் தவறான சிக்கனம். வெப்பத்தை விழுங்குவது அதன் எடைதான். போர்ஷே 1968-ல் தன் 909 மலையேற்றக் காரில் பெரிலியம் டிஸ்க் போட்டது உண்மை. அந்தக் காரின் எடை 400 கிலோவுக்கும் குறைவு, ஓடியது சில நிமிடங்களே, பெரிலியத் தூசியோ நஞ்சு. நமக்கு அலுமினியக் காலிப்பர் போதும்.

என்ஜின் அறையும் பின்முனையும்

செம்பு பித்தளை ரேடியேட்டருக்குப் பதில் அலுமினியம், வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்குப் பதில் வளைகுழாய், இயந்திர விசிறிக்குப் பதில் மின்விசிறி. இதெல்லாம் வழக்கமான மாற்றங்கள். பின் அச்சுக்கும் அப்பால் தொங்கும் சைலன்சர் பெட்டி மேலே சொன்ன முனை எடைக்கு நல்ல உதாரணம். களத்தின் ஒலி வரம்புக்குள் அடங்கும் சிறிய பெட்டியை நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள்.

பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. இருபது நிமிடப் பந்தயத்துக்கு நிறைந்த தொட்டியோடு போகிறவர் பாலிகார்பனேட்டில் சேமித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஆனால் தொட்டி காலியாக இருந்தால் வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்பு காற்றை உறிஞ்சும். தொட்டிக்குள் நுரைப்பஞ்சு, பம்புக்கு முன் ஒரு சிறு சேமிப்புக் குடுவை ஆகிய இரண்டும் இருந்தால் கடைசிச் சில லிட்டர்களையும் நம்பி ஓட்டலாம்.

இலகுவான பிறகு சரிசெய்தல்

இதைச் செய்யாதவர்கள்தான் எடை குறைத்தும் கார் மோசமாகிவிட்டதே என்று புலம்புகிறார்கள். சக்கரத்துக்கு 30 கிலோ குறைந்தால், சக்கரத்தில் உணரப்படும் ஸ்பிரிங் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டனாக இருக்கும் காரில், உடல் 15 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். ஈர்ப்பு மையம் மேலே போகும், சக்கரக் கோணங்கள் மாறும். கூரையில் பாடுபட்டு எடுத்தது இங்கே போய்விடும். ஸ்பிரிங்கின் உயரத்தைச் சரிசெய்து, பிறகு கோணங்களை அமைத்து, ஷாக் அப்சார்பரின் மீள்விசையைக் குறைத்துப் பாருங்கள். கனமான காருக்கு அமைத்தது இலகுவான காரில் முரட்டுத்தனமாக இருக்கும்.

பிரேக் சமநிலை இதைவிட முக்கியம். ஸ்டெப்னி, பின் இருக்கை, பின்கண்ணாடி, பின் பம்பர், பெட்ரோல் என்று கழித்தவற்றில் பெரும்பகுதி பின் அச்சில் இருந்தவை என்பதைக் கணக்கேடு காட்டும். பின்சக்கரங்களின் மேல் பாரம் குறைந்தால் அவை முன்னதாகவே பூட்டிக்கொள்ளும். வளைவுக்குள் பிரேக்கோடு நுழையும்போது கார் பின்புறமாகச் சுழலும். பின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு பொருத்தி, காலியான இடத்தில், முன்சக்கரங்கள் முதலில் பூட்டும்வரை சரிசெய்யுங்கள்.

கடைசியாக, மீண்டும் நான்கு தராசுகள். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு நிகரான பாரம், பாதி எரிபொருள், சரியான டயர் காற்று, உருள்தடுப்புத் தண்டின் இணைப்பைக் கழற்றி வைத்தல். முன் இடது, பின் வலது எடைகளைக் கூட்டி மொத்தத்தால் வகுத்தால் 50 சதவீதத்துக்கு அருகில் வர வேண்டும். ஒரு மூலை கனமாக இருந்தால் அந்த ஸ்பிரிங்கைத் தாழ்த்துங்கள், அந்த மூலையிலும் அதற்குக் குறுக்கே எதிரிலுள்ள மூலையிலும் எடை குறைந்து மற்ற இரு மூலைகளுக்கு நகரும்; ஒரே மூலையில் எல்லாவற்றையும் திருத்த முயலாமல் நான்கிலும் சிறிது சிறிதாகச் செய்யுங்கள். இதற்குப் பிறகும் குறைந்தபட்ச எடைக்குக் கீழே இருந்தால் ஈடுசெய்யும் பாரத்தைப் பயணி பக்கத் தரையில், அடியில் அகலத் தகடு கொடுத்து, தரையை ஊடுருவும் போல்ட்டுகளால் பூட்டுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் அந்தப் போல்ட்டுகளையும் கேஜ், இருக்கை, பெல்ட் நங்கூரப் போல்ட்டுகளையும் டார்க் ஸ்பேனரால் சோதித்து, வண்ணக் கோடு இட்டுவையுங்கள். அடுத்த ஓட்டத்துக்குப் பின் எது நகர்ந்தது என்று கோடே காட்டிக்கொடுக்கும்.